நகராத பொட்டு

ரெங்கசாமிக்கு ஊருல ரெண்டு பேரு. சம்பா அறுப்பு ஓடுறப்ப 'பெல்ட் வண்டி ரெங்கசாமி'. மத்த நாள்ல 'பேஜு ரெங்கசாமி'. ரெண்டாவது பேரச் சொல்லிக் கூப்புட்டா மூஞ்சியில ஒரு வெக்கம் வரும், ஆனா வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

படிப்பு அஞ்சாங் கிளாஸோட நின்னு போச்சு. அப்பறம் டிராக்டர் பட்டறையில எண்ணெ துடச்சுகிட்டு நின்னாரு. ஆத்தூர் பக்கத்துலேருந்து கதிரறுக்குற மிஷின் வர ஆரம்பிச்சப்ப, எந்த வயலு காஞ்சிருக்கு, எங்க சேறு கெடக்குன்னு சொல்ல ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. சேத்துல டயர் வண்டி புதைஞ்சிரும். அடியில பட்டையா பெல்ட்டு ஓடுற வண்டிதான் போவும். வெண்ணாத்துக் கரை நெடுக வரப்பு வரப்பா அவருக்கு அத்துப்படி. மிஷின்காரனுக்கும் வயக்காரங்களுக்கும் நடுவுல நின்னு பேசி முடிக்கிறதே அவரு பொழப்பாயிருச்சு.

பேஜு வேலைக்கு வந்தது மாப்பிள்ளை சூர்யபிரகாஷால. அவரு சிங்கப்பூர்ல இருக்காரு. ஒரு தடவ லீவுக்கு வந்தப்ப, "மாமா, உங்க வண்டிக்கு ஒரு வெப் பேஜு இருந்துச்சுன்னா நாகப்பட்டினத்துலேருந்தெல்லாம் கூப்புடுவாங்க"ன்னு விளையாட்டா சொன்னாரு. மாப்பிள்ளை அதை மறந்துட்டு ப்ளைட் ஏறிட்டாரு. மாமனாரு மறக்கல.

வீடியோ பாத்துப் பாத்து அவரே கத்துகிட்டாரு. அவருக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, அதுல எழுதப் படிக்கிற வேலையே கம்மி. முன்னாடியே செஞ்சு வச்ச மாதிரிப் பக்கம் ஒண்ணு வரும். படத்த விரலால தொட்டு இழுத்தா நகரும். எழுத்தத் தொட்டா மாத்திக்கலாம். அந்த எழுத்தையும் கையால தட்ட வேண்டாம், வாயால சொன்னா போனே எழுதிக்கும். "பந்தல்காரன் நாற்காலி போடுறாப்லதான் இருக்கு. இங்க வேணாம்னா தூக்கி அங்க போடு"ன்னு பொண்டாட்டி ஆனந்தவல்லிகிட்ட சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாரு.

தை மாசம் காலையில பனி அடங்குற வரைக்கும் மிஷின் வயல்ல எறங்காது. கதிரு ஈரமா இருந்தா நெல்லு உதிராது. மத்தவங்க அந்த நேரத்துல டீக்கடையில உக்காந்திருப்பாங்க. இவரு களத்து மேட்டுல குந்திகிட்டு பேஜுல பெட்டி பெட்டியா நகத்திகிட்டு இருப்பாரு. சுத்தி ஒரே வெள்ளையா பனி நிக்கும், அவரு மூஞ்சி மட்டும் போன் வெளிச்சத்துல நீலமா தெரியும். வரப்புல வர்றவங்களுக்கு மொதல்ல தலை மட்டுந்தான் தெரியும், ஒடம்பு தெரியாது. ஒரு தடவ பால் ஊத்தப் போன பொம்பள அதப் பாத்துட்டு தூக்குவாளிய கீழ போட்டுட்டு ஓடிருக்கு.

மொத பேஜு போட்டப்ப ஒரு கூத்து. அந்த மாதிரிப் பக்கத்தோடயே கூட வந்த படம் ஒண்ணு, ஒரு வெள்ளக்காரம்மா கையில காப்பிக் கோப்பையோட சிரிச்சுகிட்டு நிக்கும். அதை எடுக்கணும்னு இவருக்குத் தெரியல. பெல்ட் வண்டிக்குப் பக்கத்துலயே அந்தம்மாவும் நின்னுச்சு. அம்மாபேட்டைக்காரரு ஒருத்தரு கூப்புட்டு, "அண்ணே, வண்டி வர்றது இருக்கட்டும், கூட அந்தம்மாவும் வருமா?"ன்னு கேட்டாரு. "வரும், காப்பி மட்டும் நீங்க போட்டுத் தரணும்"ன்னு இவரும் விடல. ஆனா உண்மையாவே மாப்பிள்ளை சொன்ன மாதிரி நாகப்பட்டினத்துலேருந்து ஆளு கூப்புட்டாங்க. அதுக்கப்பறம் மாரியம்மன் கோயில் பால்குடத்துக்கு ஒரு பேஜு, மச்சான் வச்ச மாவு மில்லுக்கு ஒரு பேஜுன்னு கை ஓடிருச்சு.

இப்படி இருக்கையிலதான் அறுப்புக்கு நடுவுல பேத்தி பொறந்தா.

மக வானதிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமா கொழந்தை இல்லாம, போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்லன்னு ஆகி, அப்பறம் பொறந்தது. ஆஸ்பத்திரியில நர்சு துணியில சுத்திக் கொண்டாந்து குடுத்தப்ப ரெங்கசாமிக்கு கை நீட்டத் தெரியல. நெல்லு மூட்டைய தூக்கிப் போட்ட கை, இவ்வளவு லேசா ஒண்ண எப்படிப் புடிக்கிறதுன்னு முழிச்சுச்சு. நெத்தியில ஒரு சுருக்கம், வாயி ஓரத்துல ஒரு குழி. கண்ணத் தொறந்து அவரப் பாத்துச்சு, பாத்துட்டு கொட்டாவி விட்டுச்சு. அவ்வளவுதான், மனுஷன் அன்னிக்கே விழுந்துட்டாரு.

பூமிகான்னு பேரு வச்சு தொட்டில் போட்டாங்க. பேராவூரணியிலேருந்து சம்பந்தியம்மா பிரகதாம்பாள் வந்திருந்தாங்க. வீட்டுக்காரரு போனதுலேருந்து தென்னந்தோப்ப ஒத்தையா நின்னு பாத்துகிட்டவங்க, பேச்சுல ஒரு கண்டிப்பு இருக்கும். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல. அதனால அவருக்கு அனுப்ப எல்லாரும் சேந்து ஒரு படம் எடுத்துகிட்டாங்க. இடது பக்கக் கடைசியில வெள்ளச் சட்டையில ரெங்கசாமி நின்னுகிட்டிருந்தாரு. அவருக்கு அடுத்தாப்புல நாற்காலியில ஆனந்தவல்லி, கையில கொழந்தைக்குப் பால் ஊட்டுற சங்கத் தூக்கிப் புடிச்சுகிட்டு. நடுவுல பிரகதாம்பாள், பேத்திய தோள்ல தூக்கி கன்னத்தோட கன்னமா வச்சுகிட்டு. அந்தப் பக்கம் வானதி.

அந்தப் படத்த வச்சு பேத்திக்கு ஒரு பேஜு போடணும்னு ரெங்கசாமிக்கு ஆசை.

"மொகம் தெரியிற மாதிரி போடாதீங்கப்பா, அத்தை திட்டுவாங்க"ன்னா வானதி.

திட்டத்தான் செஞ்சாங்க. "தெருவுல பாக்குற கண்ணுன்னா கணக்கு உண்டு சம்பந்தி. போன்ல பாக்குற கண்ணுக்கு என்ன கணக்கு? யாரு, எங்கேருந்து, என்ன நெனச்சுப் பாக்குறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் பொட்டு வச்சிருக்கே சம்பந்தி"ன்னாரு இவரு.

எடுத்துப் பாத்தா படத்துல பொட்டே இல்ல. வசம்பச் சுட்டு வெளக்கெண்ணெயில கொழச்ச மை, தெனம் குளிப்பாட்டுனதும் ஆனந்தவல்லி கொழந்தை கன்னத்துல வட்டமா வைக்கிறதுதான். ஆனா பொட்டு வச்ச அந்தக் கன்னம் பிரகதாம்பாள் கன்னத்தோட ஒட்டிகிட்டு மறஞ்சு போயிருந்துச்சு. தெரியிற கன்னம் வெறுமையா இருந்துச்சு.

ரெங்கசாமி யோசிச்சாரு. பேஜு செய்யிற எடிட்டர்ல வட்டம், சதுரம், அம்புக்குறின்னு சின்னச் சின்ன உருவம் இருக்கும், இழுத்து வைக்கிறதுக்கு. ஒரு வட்டத்த எடுத்தாரு. கருப்பா மாத்துனாரு. சுண்டைக்கா அளவுலேருந்து மொளகு அளவுக்குச் சுருக்குனாரு. மூச்ச அடக்கிகிட்டு விரலால தள்ளிகிட்டுப் போயி பேத்தி கன்னத்துல வச்சாரு. வச்சதும் அது நெசப் பொட்டாட்டம் உக்காந்துருச்சு. சம்பந்தியம்மா கண்ணாடியப் போட்டுகிட்டுப் பாத்தாங்க.

"பொட்டு வச்ச பெறகு நகராதே?"

"வச்சது வச்சதுதான் சம்பந்தி. நகராது."

அதோட பப்ளிஷ்ஷ அமுக்கி, லிங்க்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புனாரு. பிரகதாம்பாள் அன்னிக்கு சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறிட்டாங்க.

மறுநா மாப்பிள்ளை கூப்புட்டாரு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்தாராம். பேஜு நல்லாருக்கு, பூமிகா முழிக்கிறது அப்படியே மாமா மாதிரியே இருக்குன்னு எல்லாம் சொல்லிட்டு, "அது என்ன மாமா, எங்கம்மா கன்னத்துல கரி?"ன்னாரு.

"உங்கம்மா கன்னத்துல இல்ல மாப்பிள்ளை, புள்ள கன்னத்துல. திருஷ்டிப் பொட்டு, நான்தான் வச்சேன்."

"புள்ள கன்னத்துல ஒண்ணுமே இல்லையே மாமா. எங்கம்மாவுக்குத்தான் இருக்கு."

ரெங்கசாமி போன காதுலேருந்து எடுத்து பேஜத் தொறந்து பாத்தாரு. பொட்டு பேத்தி கன்னத்துலதான் இருந்துச்சு. மறுபடி காதுல வச்சாரு.

"சிங்கப்பூர்ல கண்ணு டாக்டர் இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சிரிச்சுகிட்டே, தான் பாக்குறத அப்படியே போட்டோ புடிச்சு அனுப்புனாரு. பிரகதாம்பாளுக்கு வலது கன்னத்துல, கண்ணுக்குக் கீழ, கருப்பா, வட்டமா. கொழந்தை கன்னம் சுத்தமா இருந்துச்சு. "சரி விடுங்க, அவங்களுக்கும் திருஷ்டி கழியட்டும்"னு சொல்லி ரெங்கசாமியும் சிரிச்சாரு.

அதுக்கு மறுநா பேராவூரணியிலேருந்து போன். தேங்கா பொறுக்கப் போன எடத்துல மட்டைக்குள்ள கூடு கட்டியிருந்த கதண்டுக் குளவி கலஞ்சு பிரகதாம்பாளக் கொட்டிருச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்காங்க.

"எங்க கொட்டுச்சாம்?"னு கேட்டாரு ரெங்கசாமி.

"மூஞ்சியிலப்பா. வலது கன்னம். கண்ணே தெரியாம வீங்கிப் போச்சாம்"னா வானதி.

அவரு எந்திரிச்சாரு. கொல்லைப் பக்கம் போயி, மாப்பிள்ளை அனுப்புன படத்தத் தொறந்தாரு. தொறந்து மூடுனாரு. கதண்டு கொட்டுறது நடக்குறதுதான். தோப்புன்னா கதண்டு இருக்கும். இதெல்லாம் தெரிஞ்சும் அன்னிக்குச் சோறு எறங்கல. பொட்டு வச்சது புள்ளைக்கு. புள்ள கன்னத்துலேருந்து அது ஏன் எறங்கிப் போச்சு? சும்மா போச்சா, இல்ல எதையாச்சும் கூட்டிகிட்டுப் போச்சா?

வீட்டுல யாருகிட்டயும் வாயத் தொறக்கல. பெத்தவ பயந்துருவா, பால் வத்திரும்.

ரெண்டு நாள் கழிச்சு, பனி இன்னும் அடங்காத காலையில, அம்மாபேட்டைக்குப் போனாரு. அங்க மீரா உசேன்னு ஒருத்தரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல செய்யிறவரு, ரெங்கசாமிய அண்ணேன்னுதான் கூப்புடுவாரு. அவரு கம்ப்யூட்டர் திரை பெருசு, டிவி மாதிரி.

"தம்பி, எம் பேத்தி பேஜத் தொற. பொட்டு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

மீரா உசேன் தொறந்தாரு. "பாப்பா யாரு சாடை அண்ணே, உங்க சாடையா? பாவம்." அப்பறம் திரைகிட்டக் குனிஞ்சாரு. "இது பொட்டா? மச்சம்னு நெனச்சேன். மதினி கையில இல்ல இருக்கு."

ஆனந்தவல்லி தூக்கிப் புடிச்சிருந்த சங்கு. அதப் புடிச்ச வலது கை. பொட்டு அந்தக் கைமேல இருந்துச்சு.

ரெங்கசாமி அதுக்கு மேல பாக்கல. ஒடனே வீட்டுக்குப் போன் அடிச்சாரு. மணி அடிச்சுகிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. மறுபடி அடிச்சாரு. எடுத்தது வானதி. பின்னாடி ஆனந்தவல்லி அழுவுற சத்தம் கேட்டுச்சு.

"என்னாச்சும்மா?"

"நீங்க கூப்புட்ட நேரம்பா. அம்மா சோறு வடிச்சுகிட்டு இருந்தாங்க. போன் அடிச்சதும் திரும்புனாங்க, பானை நழுவி கஞ்சி மொத்தமும் கையில கொட்டிருச்சு."

"எந்தக் கை?"

"வலது கைதான். ஏம்ப்பா அதக் கேக்குறீங்க?"

அவரு போன வச்சாரு. எதத் தடுக்கக் கூப்புட்டாரோ, கூப்புட்டதாலயே அது நடந்துருச்சு. மீரா உசேன் நாற்காலிய இழுத்துப் போட்டு "உக்காருங்கண்ணே"ன்னாரு, இவரு நிக்காம வண்டிய எடுத்துகிட்டு வீட்டுக்குப் போனாரு.

பொண்டாட்டி கைக்கு மருந்து வச்சுக் கட்டி கூட்டிகிட்டு வந்ததும் ரெங்கசாமி மொத வேலையா எடிட்டரத் தொறந்தாரு. கருப்பு வட்டத்தத் தொட்டாரு. அழிக்கிறதுக்குக் குப்பைக்கூடை மாதிரி ஒரு குறி இருக்கும், அத அமுக்குனாரு. பொட்டு போயிருச்சு. பேத்தி கன்னம் பளிச்சுன்னு ஆச்சு. அப்பாடான்னு சாஞ்சாரு.

அப்ப வானதி கொழந்தைய மடியில போட்டுகிட்டு வந்து உக்காந்தா. "சித்தி கேட்டாங்கப்பா, பேஜ இன்னொரு தடவ அனுப்பணுமாம்"னு தன் போன நீட்டுனா. அதுல பேஜு தொறந்திருந்துச்சு.

பொட்டு இருந்துச்சு.

அவரு தன் போன்ல பாத்தாரு, இல்ல. மக போன்ல பாத்தாரு, இருக்கு. மூடித் தொறந்தாரு. அணைச்சு எழுப்புனாரு. அழிச்ச பொட்டு அப்படியே இருந்துச்சு.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம் பத்தல."

பட்டப்பகலு. சன்னல் வழியா வெயிலு கால்மேல விழுந்துகிட்டு இருந்துச்சு. வானதி அவர ஒரு மாதிரி பாத்தா. மடியில கெடந்த பூமிகா அவரப் பாக்கல, அவரு தோளுக்குப் பின்னாடி எதையோ பாத்துச்சு. பச்சப் புள்ளைங்க அப்படித்தான், எங்கயாச்சும் வெறிச்சுப் பாக்கும். பாத்துகிட்டே சிரிச்சுச்சு. ரெங்கசாமி திரும்பிப் பாக்கல. திரும்பணும்னுதான் இருந்துச்சு, கழுத்து வரல.

சாயங்காலம் பிரகதாம்பாள் கூப்புட்டாங்க. வாயி கோணி, பேச்சு கொழகொழன்னு வந்துச்சு.

"சம்பந்தி, எம் மவன் எல்லாம் சொன்னான். எங் கன்னத்துல பொட்டு இருந்துச்சாம்ல."

"நான் வைக்கல சம்பந்தி. புள்ளைக்குத்தான் வச்சேன்."

"தெரியும், நானும்தானே பாத்தேன். நான் உங்கள ஒண்ணும் சொல்லல." கொரலத் தாழ்த்துனாங்க. "எனக்கு கொட்டுனதப் பத்திப் பேச்சில்ல. வயசாச்சு, தாங்கிக்குவேன். அது அங்கேருந்து எங்க போவுதுன்னு பாத்துக்குங்க. புள்ளகிட்ட திரும்பி வந்துரக் கூடாது."

அவருக்கு நெஞ்சுக்குள்ள இருந்த வார்த்தைய அந்தம்மா எடுத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. கன்னத்துல இருந்தா காவலு. கண்ணுல வந்து நின்னா? பேத்திய காப்பாத்த வச்சத இவரே அழிக்கப் பாத்தாரு, அதான் அது போக மாட்டேங்குதோ என்னவோ.

விடிஞ்சதும் மறுபடி அம்மாபேட்டை. பனியில ரோடு தெரியல. எதுக்க வர்ற வண்டி வெளிச்சம் மட்டும் மெதுவா பெருசாயி, பக்கத்துல வந்ததும் சத்தமா மாறிப் போச்சு. மீரா உசேன் கடை ஷட்டர அப்பதான் தூக்குனாரு.

இவரு நடந்தது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னாரு. மீரா உசேன் சிரிக்கல. அவரு ஒரு காலத்துல ராத்திரி வண்டி ஓட்டுன ஆளு, சில விஷயத்துக்குச் சிரிக்க மாட்டாரு.

"மொதல்ல அழியாதது என்னன்னு பாப்போம்"னு இவரு போன வாங்கிப் பாத்தாரு. "நீங்க அழிச்சது எடிட்டர்ல மட்டும்தான் அண்ணே. பப்ளிஷ் குடுக்கல. ஊரு பாக்குறது பழைய பேஜு. அதுல அது இருக்கத்தான் செய்யும்."

"சரி. அது ஏன் ஆளு ஆளா நகருது?"

மீரா உசேன் பெரிய திரையில பேஜத் தொறந்தாரு. பொட்டு ஆனந்தவல்லி கையில நின்னுச்சு. திரைய முழுசா அடைக்காம ஜன்னல் மாதிரி தெரியிற அந்தச் சட்டத்தோட ஓரத்தப் புடிச்சு மெள்ள உள்ளுக்கு இழுத்தாரு. சட்டம் குறுகக் குறுக படம் சின்னதாயி இடது பக்கம் போச்சு. பொட்டு கையிலேருந்து சங்குக்கு வந்துச்சு. சங்கத் தாண்டி பிரகதாம்பாள் காதுக்கு வந்துச்சு. கன்னத்துல ஏறி நின்னுச்சு.

"இந்த அகலத்துல உங்க மாப்பிள்ளை பாத்திருப்பாரு."

இன்னும் இழுத்தாரு. பொட்டு பேத்தி கன்னத்துக்கு வந்துச்சு.

"இது உங்க போன் அகலம்."

"போதும்"னாரு ரெங்கசாமி.

"இன்னும் சின்ன போன் இருக்குல்ல, அதுல எப்படின்னு பாப்போம்"னு மீரா உசேன் ஒரு விரக்கடை இழுத்தாரு. பொட்டு கன்னத்துலேருந்து ஏறி பூமிகாவோட கண்ண மூடிருச்சு. ஒரு கண்ணு சிரிச்சுச்சு, இன்னொரு கண்ணு இருந்த எடத்துல கருப்பா ஒரு ஓட்டை.

ரெங்கசாமி கைய நீட்டி அவரு கைமேல வச்சாரு. அதுக்கு மேல இழுக்க விடல.

"பொட்டு எங்கயும் போவல அண்ணே"ன்னாரு மீரா உசேன், கொஞ்சம் தணிஞ்ச கொரல்ல. "திரையோட ஓரத்துலேருந்து இவ்வளவு தூரம்னு நீங்க வச்சீங்கல்ல, அது அந்த எடத்துலயேதான் நிக்கிது. நீங்க எல்லாரும்தான் அதுக்கு அடியில நகந்துகிட்டு இருக்கீங்க."

இதக் கேட்டா பயம் போகணும். ரெங்கசாமிக்குக் கூடுச்சு. ஒரு எடத்துல அசையாம உக்காந்துகிட்டு, அடியில யாரு வர்றான்னு பாத்துகிட்டே இருக்குற ஒண்ணு. அது நகருறதா இருந்தாக்கூட தேவலன்னு தோணிச்சு.

"அழிச்சு பப்ளிஷ் குடுத்துரலாம். ஒரு அமுக்குதான்."

"வேணாம் தம்பி."

"ஏன்ண்ணே?"

"வச்ச பொட்ட நடுவுல தொடைக்கக் கூடாது. தொடச்சா, அதுல ஒட்டுனது அலஞ்சுகிட்டு இருக்கும். எங்கயாச்சும் ஒரு எடத்துல அது உக்காந்துதான் ஆகணும்." அவரு திரையப் பாத்தாரு. "அந்தச் சட்டத்த வெளிய இழு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

படம் பெருசாயி வலது பக்கம் போச்சு. பொட்டு புள்ள கண்ண விட்டு எறங்குச்சு, கன்னத்த விட்டுச்சு, பிரகதாம்பாளத் தாண்டுச்சு, சங்கத் தாண்டுச்சு, ஆனந்தவல்லி கட்டுப் போட்டிருக்குற அதே கையத் தாண்டுச்சு. வெள்ளச் சட்டைக்கு வந்துச்சு. பித்தானுக்குப் பக்கத்துல, இடது நெஞ்சுல, வெள்ளைமேல தெளிவா நின்னுச்சு.

"அங்க நிறுத்து."

மீரா உசேன் நிறுத்திட்டு அவரு மூஞ்சியப் பாத்தாரு. "அண்ணே, இதெல்லாம் வேணாம்."

"யாரு மேலயாச்சும் இருக்கணும்ல? புள்ளைக்குன்னு வந்தது, நான் வாங்கிக்கிறேன். இனிமே நகராம இருக்க வழி இருக்கா?"

"இருக்கு. பேஜுமேல தனியா வைக்காம படத்துக்குள்ளயே பதிச்சிட்டா, எந்தத் திரையில பாத்தாலும் அதே எடந்தான்." மவுஸ விட்டுட்டு, "ஆனா பெறகு எடுக்க வராது. படத்தோட படமாயிரும்"னாரு.

"அதான் வேணும். நகரு, நானே செய்யிறேன். வச்ச கைதான் வைக்கணும்."

மவுஸ் புடிச்சுப் பழக்கமில்லாத கை. மீரா உசேன் சொல்லச் சொல்ல, படத்த எடுத்து, கருப்ப எடுத்து, தன் நெஞ்சுல தானே ஒரு பொட்டு வச்சாரு. பழைய வட்டத்த அப்பறம்தான் அழிச்சாரு. புதுப் படத்த பேஜுல போட்டு பப்ளிஷ்ஷ அமுக்குனாரு. மீரா உசேன் சட்டத்த உள்ள இழுத்துப் பாத்தாரு, வெளிய இழுத்துப் பாத்தாரு. பொட்டு அவர விட்டு அசையல.

வெளிய வந்தப்ப பனி அடங்கி வெயில் வந்திருந்துச்சு. ரோட்டோரம் அறுத்த வயலெல்லாம் மொட்டையா, வைக்கோல் வரிசை வரிசையா கெடந்துச்சு. ஒரு கொக்குகூட இல்ல.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிட்டு, துவைச்சு வச்சிருந்த வெள்ளச் சட்டைய மாட்டுனாரு. எதுக்கு அந்தச் சட்டையன்னு அவருக்கே தெரியல. தொட்டில் அன்னிக்குப் போட்ட சட்டைதான். வானதி அப்பதான் கொழந்தையக் குளிப்பாட்டி, அம்மாவுக்குக் கை முடியாததால தானே மை எடுத்து கன்னத்துல பொட்டு வச்சுகிட்டு இருந்தா. சாம்பிராணிப் புகை வீடெல்லாம் சுத்துச்சு.

"குடும்மா"ன்னு வாங்கி நெஞ்சுல சாச்சுகிட்டாரு. இப்பெல்லாம் அவருக்குப் புடிக்க வந்துருச்சு. ஒரு கை தலைக்கு, ஒரு கை அடிக்கு. வெந்நீர் சூடு அவ ஒடம்புல இன்னும் இருந்துச்சு. கொஞ்ச நேரம் அவரு சட்டையில மூக்கத் தேச்சா, முனகுனா, தூங்கிட்டா. அவரு நெஞ்சு அடிக்கிறது அவ கன்னத்துல மோதி திரும்பி வர்ற மாதிரி இருந்துச்சு. இந்த ஒண்ணுக்கு எது வேணும்னாலும் வரட்டும்னு நெனச்சப்ப, பயம் இருந்த எடத்துலயே ஒரு சந்தோஷமும் கெடந்துச்சு.

மக வந்து மெதுவா கொழந்தைய எடுத்தா. எடுத்தவ நின்னுட்டா.

"அய்ய, பொட்டு எங்க?"

பூமிகாவோட கன்னம் சுத்தமா இருந்துச்சு. ஒரு கீத்துகூட இல்ல.

ஆனந்தவல்லி கட்டுப் போட்ட கையத் தூக்கிகிட்டு எட்டிப் பாத்து சிரிச்சா. "இந்தா, தாத்தா களவாண்டுட்டாரு. அந்த வெள்ளச் சட்டையப் பாரு."

ரெங்கசாமி குனிஞ்சு பாத்தாரு. இடது நெஞ்சுல, பித்தானுக்குப் பக்கத்துல. தீத்தல் இல்ல, இழுவல் இல்ல. வட்டமா, மொளகு அளவுல.

"கழட்டிக் குடுங்கப்பா, வெளக்கெண்ணெக் கறை, இப்பவே அலசுனாதான் போகும்."

"இருக்கட்டும்மா."

"வயலுக்குப் போறப்ப இதோடயா போவீங்க?"

"இருக்கட்டும். புள்ளைக்கு வேற வச்சு விடு."

வானதி புதுசா மை தொட்டு கொழந்தை கன்னத்துல வச்சா. அது தூக்கத்துலயே மூக்கச் சுருக்குச்சு. பொட்டு நல்லா ஒட்டிகிச்சா, அசையலையான்னு அவரு கிட்டப் போயி ஒரு தரம் பாத்துகிட்டாரு.

அப்பறம் வண்டிய எடுத்தாரு. தெக்குவெளியில பெல்ட் வண்டி எறங்குற நேரம். எதுக்க வந்த பால்காரப் பொம்பள, "சட்டையில கரி பட்டிருக்குண்ணே"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. வாய்க்கா நகந்துச்சு, மதகு நகந்துச்சு, அறுத்த வயலும் அறுக்காத வயலும் ரெண்டு பக்கமும் நகந்துகிட்டே போச்சு. அவரு ஒரு கைய விட்டு நெஞ்சத் தொட்டுப் பாத்தாரு. அது இருந்த எடத்துலயே இருந்துச்சு.